பிடிக்கறது ஈஸி, விடறதுதான் கஷ்டம்

தத்துவம்லாம் இல்லங்க, நிஜமாவே விரலைப் பத்திதான் எழுதப் போறேன். என் பொண்ணுக்கு ஏழு வயசு. செரிப்ரல் பால்ஸி, அதாவது சின்னதுலயே மூளைல ஏற்பட்ட பாதிப்பால உடம்பை அசைக்கறதுல வர்ற சிக்கல். அவளுக்கு வலது பக்கம் மட்டும், டாக்டருங்க ஹெமிப்லீஜியான்னு சொல்வாங்க. லேசா காலை இழுத்து நடப்பா, ஓடக்கூட செய்வா. பாக்கறவங்க எல்லாரும் அவ நடையைப் பத்திதான் கேப்பாங்க, ஆனா வீட்ல தினம் தினம் எங்களை படுத்தி எடுக்கறது கைதான்.

"கையில பலம் இல்லையா? ஸ்பாஞ்ச் பால் வாங்கிக் குடுங்க, அமுக்க அமுக்க சரியாயிடும்." இதை எத்தனை பேர் சொல்லிட்டாங்கன்னு கணக்கே இல்ல, நானும் நம்பி ரெண்டு வாங்கி வெச்சேன். யோசிச்சுப் பாருங்க, அந்தக் கை ஏற்கனவே மூடிக்கிட்டுதான் இருக்கு, கட்டை விரல் உள்ள மடங்கி, மணிக்கட்டு கீழ தொங்கி, முழங்கை மடிஞ்சு. அதைப் போய் இன்னும் மூடப் பழக்கினா என்ன ஆகும்? பலமே வேணாம்னு சொல்ல வரல, பலக்குறைவும் இருக்குதான். ஆனா அது அதிகமா இருக்கறது விரலைத் திறக்கற பக்கம், மூடற பக்கம் இல்ல.

இது எனக்குப் புரிஞ்சது ஒரு மரக்கட்டையை வெச்சு. தெரபிஸ்ட் ஒரு சின்ன பிளாக்கை டேபிள்ல வெச்சு, வலது கையால எடுத்து டப்பாக்குள்ள போடச் சொன்னாங்க. எப்படியோ கஷ்டப்பட்டு விரலை விரிச்சு கட்டையை எடுத்துட்டா, டப்பா மேல கொண்டும் வந்துட்டா, அதோட நின்னுடுச்சு. விரல் திறக்கல. நான் பக்கத்துல உக்காந்து "விடு பாப்பா, விடு விடு"ன்னு சொல்லச் சொல்ல கை இன்னும் இறுகுது, முட்டியெல்லாம் வெளுத்துப் போச்சு. தெரபிஸ்ட் என்னைப் பாத்து "அப்பா, நீங்க கொஞ்சம் பேசாம இருங்க"ன்னாங்க. அப்பறம் அவளே மணிக்கட்டை நல்லா கீழ மடிச்சா, விரல் தானா கொஞ்சம் விரிஞ்சுது, கட்டை டொக்குன்னு விழுந்துச்சு. உங்க கையை வெச்சே செஞ்சு பாருங்க, மணிக்கட்டை உள்பக்கமா முழுசா மடிச்சா விரலை மடக்கற தசைநாண் தளர்ந்து இறுக்கமா பிடிக்க முடியாது. இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் குடுக்கல, அந்த டிரிக்கை அவளே கண்டுபிடிச்சு வெச்சிருக்கா. தெரபிஸ்டுக்கு இது அவ்வளவா பிடிக்காது, எனக்கு உள்ளுக்குள்ள பெருமைதான்.

இறுக்கத்துக்கு ஸ்பாஸ்டிசிட்டின்னு பேரு. அதுல ஒரு விஷயம், எவ்வளவு வேகமா இழுக்கறோமோ அவ்வளவு பலமா தசை எதிர்க்கும், மெதுவா போனா மெதுவா விட்டுக் குடுக்கும். அதனாலதான் ஸ்கூல் பஸ் வந்துடுச்சுன்னு அவசரமா சட்டைக் கையை மாட்டும்போது முழங்கை அப்படி மடங்கிக்கும், நிதானமா மாட்டினா ஒழுங்கா நுழையும். இத்தனை வருஷம் கழிச்சும் எனக்கு காலைல இது மறந்துடும்.

பேப்பர் கப்பை எடுக்கச் சொன்னா மொதல்ல கப்பை டேபிள் மேல ஒரு அழுத்து அழுத்துவா, அப்பறம்தான் தூக்குவா, அதுக்குள்ள கப் நசுங்கி தண்ணி மேல கொட்டியிருக்கும். கவனக்குறைவுன்னு திட்டியிருக்கேன், இப்போ நெனச்சா கஷ்டமா இருக்கு. 1991-லயே எலியாசன், கார்டன், ஃபோர்ஸ்பெர்க்னு மூணு பேர் இந்தக் குழந்தைங்களோட விரல் எவ்வளவு அழுத்துதுன்னு கருவி வெச்சு அளந்திருக்காங்க. நாம ஒரு பொருளை எடுக்கும்போது பிடிக்கற அழுத்தமும் தூக்கற விசையும் ஒண்ணா கூடிக்கிட்டே போகும், வெயிட் எவ்வளவு இருக்கும்னு மூளை முன்கூட்டியே ஒரு கணக்கும் போட்டுடும். இவங்களுக்கு அது ஒண்ணுக்கப்பறம் ஒண்ணா நடக்குது, மொதல்ல பிடி, அப்பறம் தூக்கு. கணக்கும் சரியா வராததால எதுக்கும் இருக்கட்டும்னு கூடுதலா அழுத்திடறாங்க. போதாததுக்கு நிறைய பேருக்கு தொடு உணர்வும் மங்கலா இருக்கும். என் பொண்ணு கண்ணை மூடிக்கிட்டா வலது கையில இருக்கறது சாவியா பென்சிலான்னு சொல்ல மாட்டா. இதுல பலத்தைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்.

இன்னொரு கூத்து, கண்ணாடி அசைவு. இடது கை என்ன பண்ணுதோ வலது கையும் அரைகுறையா அதையே பண்ணும். இடது கையால படம் வரைவா, பேப்பரை வலது கை பிடிச்சிருக்கணும், ஆனா கிரேயானை அழுத்தினதும் வலது கையும் மூடிக்கிட்டு பேப்பரைக் கசக்கிடும். வழக்கமா மூளையோட இடது பாதி வலது கையையும் வலது பாதி இடது கையையும் பாத்துக்கும், ஆனா பிறந்த புதுசுல அதே பக்கக் கைக்குப் போற இழைகளும் இருக்கும், போகப் போக அது ஒதுங்கிடும். ஒரு பாதி சின்ன வயசுலயே பாதிக்கப்பட்டா நல்லா இருக்கற பாதி அந்த இழைகளை விடாம வெச்சுக்கிட்டு ரெண்டு கையையும் நடத்தும். எல்லா குழந்தைக்கும் இப்படி ஆகாது, எங்களுக்கு ஆயிருக்கு.

கையோட பாதிப்பு போதாதுன்னு, அந்தக் கை இருக்கறதையே மறந்துடற மறதியும் சேர்ந்துக்கும். ஒரு கையால வேலை முடிஞ்சுட்டா இன்னொண்ணு எதுக்கு? எட்டு மாசத்துலயே எல்லாத்துக்கும் இடது கையைத்தான் நீட்டினா, நாங்க இடது கைப் பழக்கம்னு சிரிச்சுக்கிட்டிருந்தோம். ஒரு வயசுக்கு முன்னாடி குழந்தை ஒரே கையை மட்டும் பயன்படுத்தினா டாக்டர்கிட்ட காட்டணும், அது அப்போ எங்களுக்குத் தெரியாது.

இந்த மறதிக்குத்தான் நல்ல கைக்கு உறை மாட்டி விட்டு, மத்த கையால வேலை செய்ய வைக்கற தெரபி. எட்வர்ட் டாப்னு ஒருத்தர் குரங்குங்ககிட்ட பாத்ததுல இருந்து வந்த யோசனை, பயன்படுத்தாமலே விட்டா கை இருந்தும் இல்லாத மாதிரி ஆயிடும்னு. மூணு நாள் பண்ணோம், நாலாவது நாள் உறையைக் கழட்டி ஜன்னல் வழியா வீசிட்டா. அப்பறம் ரெண்டு கையும் சேர்ந்து செய்யற வேலைங்களா மாத்தினோம், அதுவும் முறையா ஆராய்ச்சி பண்ணி வந்ததுதான், ஹாபிட்னு சொல்றாங்க. ஒரே அளவு நேரம் செஞ்சா ரெண்டுக்கும் பலன்ல பெரிய வித்தியாசம் இல்லன்னுதான் ஆய்வுகள் சொல்லுது. எனக்கு ரெண்டாவதுதான் பிடிச்சிருக்கு, குழந்தை அழறதில்ல.

எதுவா இருந்தாலும் மணிக்கணக்கு வேணும், அதுவும் குழந்தையே கையை அசைச்சு செய்யற மணிக்கணக்கு. இதுல எனக்கு ஒரு ஆத்திரம் இருக்கு. ஒரு தெரபி சென்டர்ல ஒரு வருஷம் முழுக்க இவளைப் படுக்க வெச்சு கையை இழுத்து நீட்டி நீட்டி விட்டாங்க, அவ்வளவுதான். அவ பாட்டுக்கு ஃபேனைப் பாத்துக்கிட்டு படுத்திருப்பா. வேற யாரோ அசைச்சு விட்டா கை எப்படிங்க கத்துக்கும்? மூளைல ஏற்பட்ட பாதிப்பு வளராது, ஆனா எலும்பு வளரும்போது இறுகின தசை கூட வளராம பின்தங்கும், அதனால கையைக் கவனிச்சுக்கிட்டேதான் இருக்கணும், அது வேற. ஆனா நீட்டி விடறதையே தெரபின்னு பேர் வெச்சு ஒரு வருஷம் போச்சு. போட்டாக்ஸ் ஊசியும் அப்படித்தான், மூணு நாலு மாசம் இறுக்கம் குறையும், அந்த நேரத்துல பழகலேன்னா ஊசி குத்தின வலிதான் மிச்சம்.

இப்போ நாங்க பண்றது ரொம்ப சாதாரணம். அவளுக்கு என்ன வேணுமோ அதை அவளையே கேட்டு, அதையே திரும்பத் திரும்ப. ஒரு மாசம் பேக் ஜிப், வலது கை பேக்கைப் பிடிக்கும், இடது கை இழுக்கும். அப்பறம் "நானே பல்லு வெளக்கறேன்"னா. பேஸ்ட் டியூபை வலது கையில வெச்சு இடது கையால மூடியைத் திருகணும். கண்ணாடி அசைவுதான் இருக்கே, இடது கை திருகத் திருக வலது கை டியூபைப் பிழிய, மூடி திறந்ததும் பேஸ்ட் புளிச்னு வாஷ்பேசின் முழுக்க. தினமும். அவ அம்மா துணி வெச்சு தொடச்சுக்கிட்டே இருந்தா, நான் வேற டியூப் வாங்கலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.

போன வாரம் ஒருநாள் பாத்தா வாஷ்பேசின் சுத்தமா இருக்கு. என்னடான்னு எட்டிப் பாத்தேன். டியூபை நடுவுல பிடிக்காம கீழ, ஏற்கனவே பிழிஞ்சு தட்டையாயிருக்கற வால்ல பிடிச்சிருக்கா, கை அதுபாட்டுக்கு இறுக்கமா பிழிஞ்சுக்கிட்டு இருக்கு, ஒண்ணும் வரல.

"ஏன் அங்க பிடிச்சிருக்கே?"ன்னு கேட்டேன்.

"அங்கதான் பேஸ்ட் இல்லையேப்பா."