பள்ளி ரசீதில் ஜிஎஸ்டி: எது சரி, எது தவறு

பிரிட்டனில் 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீதம் வாட் வரி. அங்கே சொந்தக்காரர்கள் இருக்கும் குமரி மாவட்ட வீடுகளில், இங்கேயும் பீஸுக்கு வரி உண்டா என்ற கேள்வி வருவது இயல்பு.

கிடையாது. எல்கேஜி முதல் பிளஸ் டூ வரை பள்ளி தன் மாணவரிடம் வாங்கும் கல்விக் கட்டணம், சேர்க்கைக் கட்டணம், பள்ளியே ஓட்டும் பஸ்ஸுக்கான கட்டணம் எதற்கும் ஜிஎஸ்டி இல்லை. களியக்காவிளை தாண்டிக் கேரளாவின் பாறசாலையில் சேர்த்தாலும் இதே விதிதான்.

ரசீதில் தெரியாத வரி ஒன்று உண்டு. பள்ளி 10 லட்சத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்கினால் 18 சதவீதம், அதாவது 1.8 லட்சம் வரி கட்டுகிறது. பொருள் வாங்கும்போது கட்டிய வரியை, தான் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழிப்பதுதான் உள்ளீட்டு வரிக் கழிவு. கட்டணத்துக்கு வரிவிலக்கு இருப்பதால் பள்ளி அப்படிக் கழிக்க முடியாது. 500 பிள்ளைகள் படித்தால் தலைக்கு 360 ரூபாய். அது பீஸிலேதான் ஏறும். பிரிட்டனில் வரி விதித்த பிறகு பள்ளிகள் இப்படிக் கட்டியதைத் திரும்பப் பெறலாம். அதற்காக இங்கேயும் வரி போட்டால் நல்லது என்று கணக்குப் போடக்கூடாது. பள்ளியின் பெரிய செலவு ஆசிரியர் சம்பளம். சம்பளத்துக்கு ஜிஎஸ்டி இல்லாததால் கழிக்கவும் ஒன்றும் இருக்காது. 40,000 ரூபாய் பீஸுக்கு 18 சதவீதம் என்றால் 7,200. அதில் பெரும்பகுதி பெற்றோர் தலையில்தான் விழும்.

கோச்சிங் சென்டர் கதை வேறு. அங்கே 18 சதவீதம் உண்டு. 50,000 பீஸ் என்றால் 59,000 கட்ட வேண்டும். சேரும்போதே "வரியோடு சேர்த்தா, சேர்க்காமலா?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள், சண்டை பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆண்டு மொத்த வசூல் 20 லட்சத்தைத் தாண்டாத, பதிவு செய்யாத டியூஷன் சென்டர் வரி என்று ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது.

கடையில் யூனிபார்ம், பை, நோட்டு எல்லாவற்றையும் ஒரே விலையில் "கிட்" ஆக வாங்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டுப் புத்தகம், பென்சில், ரப்பருக்கு வரி இல்லை. 2,500 ரூபாய் வரையிலான உடுப்புக்கும் செருப்புக்கும் 5 சதவீதம், பைக்கு 18. எல்லாம் ஒரே விலையில் கட்டி விற்றால், உள்ளே இருப்பதில் எதற்கு வரி அதிகமோ அந்த விகிதமே மொத்தத்துக்கும் வந்துவிடும். பொருள் பொருளாகப் பில் கேளுங்கள்.

வரி போட்ட பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாட்டுப் பதிவு, 32 கேரளா. ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடினால் பெயரும், பதிவு நடப்பில் இருக்கிறதா ரத்தானதா என்பதும் தெரியும். ரத்தான எண்ணில் வரி வாங்கியிருந்தால் பில்லைப் பத்திரமாக வைத்து, பணத்தைத் திருப்பிக் கேட்டு முதலில் எழுத்தில் கொடுங்கள். பதில் இல்லையென்றால் 33-க்குத் தமிழக வணிகவரித் துறை, 32-க்குக் கேரள ஜிஎஸ்டி துறை.