பாலத்துக்கு இந்தப் பக்கம் குடியிருந்த குற்றம்

கும்பகோணத்து வீட்டை விற்க அண்ணனுக்கு ஒரு பவர் எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. பாரிஸில் இருக்கும் நண்பன் "அப்போஸ்டில் வாங்கி அனுப்பிடு, முடிஞ்சுது" என்றான். அப்போஸ்டில் என்பது ஒரு நாட்டின் ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்றுக்கொள்வதற்கான சான்று முத்திரை. அவனுக்கு முடியும். ஜெர்மனியில் இருக்கிறவர்களுக்கு முடியாது. 2005-ல் இந்தியா அதற்கான சர்வதேச ஒப்பந்தத்தில் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்துவிட்டதால், இரண்டு நாடுகளுக்கும் நடுவே அப்போஸ்டில் செல்லாது. தூதரகம்தான் கதி.

நான் இருப்பது மன்ஹைமில். பிராங்க்ஃபர்ட் துணைத் தூதரகத்துக்கு ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. எதையும் விசாரிக்காமல் லீவு போட்டுவிட்டுப் போய் நின்றேன். முகவரிச் சான்றைப் பார்த்ததுமே "மன்ஹைமா? நீங்க மியூனிக் போகணும்" என்றார்கள். தப்பு என்னுடையதுதான். தூரத்தைப் பார்த்தேனே தவிர மாநிலத்தைப் பார்க்கவில்லை. மன்ஹைம் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் இருக்கிறது. அதுவும் பவேரியாவும் மியூனிக்கின் கீழ் வருகின்றன. ரைன் ஆற்றைத் தாண்டினால் லுட்விக்ஸ்ஹாஃபன், அது வேறு மாநிலம், அங்கே குடியிருப்பவர்களுக்கு பிராங்க்ஃபர்ட். டிராமில் ஒரு பாலம். அந்தப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வாடகைக்கு இருந்ததற்கு எனக்கு மூன்று மணி நேர ரயில்.

சரி, மியூனிக்குக்குத் தேதி வாங்கினேன். போட்டோ கடைக்காரர் வழக்கம்போல 35-க்கு 45 மில்லிமீட்டரில் வெட்டிக் கொடுத்தார். என்னிடம் கேட்டிருந்தது 51-க்கு 51. வாசலிலேயே ஸ்கேல் வைத்து அளந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். இந்த முழுக் கதையில் நான் புத்திசாலித்தனமாகச் செய்தது இது ஒன்றுதான்.

ஏனென்றால் முதல் நாள் ராத்திரி, பத்திர எழுத்தர் சொன்னார் என்று அண்ணன் சொன்னதை நம்பி, எல்லாப் பக்கத்திலும் அழகாகக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தேன். கவுண்டரில் இருந்தவர் பக்கங்களைப் புரட்டினார். "எங்க முன்னாடி போட வேண்டியதை வீட்டிலேயே போட்டுட்டா, நாங்க எதுக்கு சார் சாட்சி?" பதில் சொல்ல வாயே இல்லை. நல்லவேளை பிடிஎஃப் போனில் இருந்தது. தெருத் தெருவாக அலைந்து, சிகரெட்டும் லாட்டரியும் விற்கிற ஒரு கடையின் மூலையில் பிரிண்டரைக் கண்டுபிடித்தேன். மை தீரும் நிலையில் இருந்தது. கடைசிப் பக்கம் மட்டும் வெளிறிப்போய் வந்தது. அதை மறுபடி எடுத்துக்கொண்டு ஓடினேன். கவுண்டர் மூடப் பத்து நிமிடம் இருந்தது.

அப்புறம் எல்லாம் சட்டென்று நடந்தது. என் கையெழுத்து, அவர் கையெழுத்து, போட்டோ மேல் பாதியும் தாளில் பாதியுமாக ஒரு வட்ட முத்திரை.

போகிறவர்களுக்கு ஒன்று: பத்திரம் இந்தியா போய்ச் சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். கூரியர் கிடைத்த தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கச் சொன்னேன். "பாத்துக்கலாம்டா" என்கிறார் அண்ணன். தினமும் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன்.