ஸ்டிக்கர்ல இல்லாத நம்பர்

"மாமா, ரெண்டுலயும் 4060 தான, அப்புறம் எதுக்கு 15,000 ரூபா வித்தியாசம்?"

இன்னைக்கு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல லேப்டாப் வாங்கப் போனப்ப அக்கா பையன் கேட்ட கேள்வி. 4060ங்கறது உள்ள இருக்கற என்விடியா கிராபிக்ஸ் சிப்போட பேரு. விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) சேர்ந்திருக்கான். டிசைனுக்குன்னு வீட்ல சொல்லி வச்சிருக்கான், கேமுக்கும்தான்னு எனக்கு மட்டும் தெரியும்.

கடைக்கார அண்ணன் ஒண்ணும் பேசல. ரெண்டு லேப்டாப்லயும் என்விடியா கன்ட்ரோல் பேனலைத் தொறந்து, சிஸ்டம் இன்ஃபர்மேஷன்ல, சிப்புக்கு எவ்வளவு பவர் போகும்னு காட்டுற வரியில விரலை வச்சார். ஒண்ணுல 75 வாட்ஸ். இன்னொண்ணுல 140.

பேரு ஒண்ணு, சிப்பும் ஒண்ணு, ஆனா 75 வாட்ஸ்காரனுக்குக் குடுக்குற கரண்ட் கிட்டத்தட்ட பாதிதான். ஒல்லியா அழகா இருக்கறதுல சூடு வெளிய போக இடமில்ல, அதனால அடக்கி வச்சிருக்காங்க.

பையன் உடனே அடுத்த பெரிய சிப்பு 4070க்குத் தாவினான். லேப்டாப்ல அதுக்கும் அதே 8 ஜிபி மெமரிதான்டா, பிளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர்ல பெரிய சீன் போட்டா ரெண்டும் ஒரே எடத்துலதான் முக்கும், போட்டோஷாப்புக்கு அந்தக் காசுல ரேமை 32 ஜிபி ஆக்கிக்கோன்னேன். மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டான்.

அப்புறம் அவன் பண்ண போஸ்டர் ஒண்ணை ரெண்டு ஸ்கிரீன்லயும் போட்டுப் பாத்தோம். ஒல்லி லேப்டாப்ல செவப்பு கலர் செவப்பாவே இருந்துச்சு. 140 வாட்ஸ்காரன்ல செங்கல் கலர். 45 சதவீதம் என்டிஎஸ்சி பேனலாம், அதாவது கம்மி கலர்தான் காட்டுற ஸ்கிரீன். பிரிண்டுக்குப் போற வேலைய அதுல எப்படிப் பாக்கறது?

கடைசில 140 வாட்ஸே எடுத்தோம், கூட கலரைச் சரியாக் காட்ட, எஸ்ஆர்ஜிபிங்கற ஸ்டாண்டர்ட் கலர் அளவை நூறு சதவீதம் காட்டுற ஒரு மானிட்டரும். பட்ஜெட் போச்சு.

அக்கா போன்ல, "படிக்க நல்லா இருக்குமாடா?"

"சூப்பரா இருக்கும்க்கா."

பையன் அந்தப் பக்கம் திரும்பி நின்னு சிரிக்கறான்.