'செட்' போதுமே!

ஆங்கில நாளிதழில் யார் பேசினாலும் வரிக்கு வரி 'செட்' (said, 'சொன்னார்') என்றே வருகிறதே, வேறு வினைச்சொல்லே கிடைக்காதா என்று கேட்கிறார்கள். கிடைக்கும். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு தீர்ப்பைச் சுமந்துகொண்டு வரும்.

"அணையில் விரிசல் இல்லை" என்கிறார் அமைச்சர். 'கிளெய்ம்ட்' (claimed, 'சொல்லிக்கொள்கிறார்') என்று போட்டால் நிருபருக்கு நம்பிக்கையில்லை. 'பாயின்டட் அவுட்' (pointed out, 'சுட்டிக்காட்டினார்') என்றால் விரிசல் இல்லை என்று நிருபரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. விரிசல் இருப்பதாக அமைச்சர் சொல்லி, அதற்கு 'அட்மிட்டட்' (admitted, 'ஒப்புக்கொண்டார்') போட்டாலோ, அவர் இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தார் என்று அர்த்தம். 'செட்' மட்டும்தான் எந்தப் பக்கமும் சாயாது. ஏபி, ராய்ட்டர்ஸ் போன்ற செய்தி நிறுவனங்களின் செய்திகளில் அது நிரம்பி வழிவதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை.

எனக்கு எரிச்சல் தருவது 'ரெஃப்யூட்டட்' (refuted) தான். ஆதாரத்தோடு பொய்யென்று நிறுவினால்தான் அது. சும்மா "இல்லை" என்றவருக்கு 'டினைட்' (denied, 'மறுத்தார்') போதும். வாய் திறந்து மறுத்த எல்லோருக்கும் 'ரெஃப்யூட்டட்' போட்டு வழக்கையே ஜெயிக்க வைத்துவிடுகிறார்கள்.

தலைப்பில் வரும் 'ஸ்லாம்ஸ்' (slams, 'கடுமையாகச் சாடுகிறார்') வேறு ரகம். அச்சில் பத்தி குறுகலாக இருந்ததால் குட்டிச் சொற்கள் தேவைப்பட்டன. இணையத்தில் அந்த நெருக்கடி இல்லை, ஆனாலும் லேசாக முணுமுணுத்தவர்கூட 'ஸ்லாம்ஸ்'தான். நம்மூர்ச் செய்திகளில் வரும் 'விளாசல்', 'மழுப்பல்' பற்றி இன்னொரு நாள் புலம்புகிறேன்.