24 மணி நேரமும் ஒரு கேனும்

சிறுநீரில் நுரை அடங்காமல் நிற்கிறதே என்று டாக்டரிடம் போனேன். சாதாரணப் பரிசோதனையில் புரதம் இரண்டு ப்ளஸ், அதாவது இருக்க வேண்டியதைவிட அதிகம். ஒரு நாள் முழுவதும் போகும் சிறுநீரைச் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார்.

லேபில் பெரிய கேன் ஒன்றைக் கொடுத்து முறையைச் சொன்னார்கள். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் வேண்டாம், மணியை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். அது முந்தைய இரவில் ஊறியது. அடுத்த முறையிலிருந்து மறுநாள் அதே மணி வரை, அந்தக் காலைச் சிறுநீரையும் சேர்த்து, எல்லாம் கேனுக்குள். கேன் குளிர்ச்சியான இடத்தில் இருக்க வேண்டும்.

முதல் நாள் மதியம் பழக்கத்தில் அப்படியே போய்விட்டு வந்துவிட்டேன். லேபுக்குப் போன் செய்தால், "எல்லாவற்றையும் கொட்டிவிட்டு நாளைக்குப் புதிதாக ஆரம்பியுங்கள்" என்றார்கள். அழுகையே வந்துவிட்டது. ஒரே ஒரு தடவைதானே என்று கேட்டேன். அந்த டெக்னீஷியன் பொறுமையாகச் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது. தசைகளிலிருந்து கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் இரத்தத்துக்கு வருகிறது. ஒரு நாளில் சிறுநீரில் எவ்வளவு வெளியேறியது, இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று இரண்டையும் வைத்துத்தான் சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லி சுத்தம் செய்கிறது என்று கணக்கிடுகிறார்கள். ஒரு தடவை விட்டுப்போனாலும், நன்றாக இருக்கும் சிறுநீரகம் கணக்கில் மோசமாகத் தெரியும்.

மறுநாள் கழிப்பறைக் கதவில் பெரிய எழுத்தில் சீட்டு ஒட்டினேன். இந்த முறை எதுவும் தவறவில்லை. பகலில் வெளிறிய நிறம், விடியற்காலையில் அடர் மஞ்சள், அளவும் கொஞ்சம்தான். இரவில் வாசோப்ரெசின் என்ற ஹார்மோன் கூடுவதால் சிறுநீரகம் தண்ணீரை உடம்புக்கே திருப்பிவிடுகிறது என்று பிறகு தெரிந்தது. கேனை ஒப்படைத்த அன்றே இரத்தமும் எடுத்தார்கள்.

கேனில் இருந்தது 1,600 மில்லி. டாக்டர் சொன்ன கணக்கு என்னை உலுக்கியது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான்கள் என்ற நுண்ணிய வடிகட்டிகள் சுமார் 10 லட்சம். அவற்றின் தலைப்பில் இருக்கும் நுண்குழாய்ச் சுருளான குளோமெருலஸ் வழியாக ஒரு நாளைக்கு வடிவது ஏறக்குறைய 180 லிட்டர். குளுக்கோஸ் முழுவதையும், உப்பிலும் தண்ணீரிலும் 99 சதவீதத்தையும் நெஃப்ரானின் குழாய்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. நான் சுமந்துபோன கேன் அதில் மிஞ்சிய சொச்சம்!

ஆல்புமின் போன்ற பெரிய புரதங்களை அந்தச் சுருளின் சுவர் தடுத்து நிறுத்திவிடும். ஒரு நாளைக்கு 150 மில்லிகிராமுக்குள் கசிந்தால் இயல்பு. எனக்கு 620. வடிகட்டும் வேகம் மட்டும் நன்றாகவே இருந்தது. சுருளுக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைக்க ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்று மாதம் கழித்து மறுபடி சேர்க்க வேண்டும். வெளியே போக வேண்டியிராத நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளப் போகிறேன்.