வாஷிங்டனில் புகைச் சோதனை இல்லை, புகை?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்கள் "கார் பதிவைப் புதுப்பிக்க எமிஷன் டெஸ்ட் எங்கே எடுப்பது?" என்று கேட்கிறார்கள். எங்கேயும் வேண்டாம். 1982-ல் தொடங்கிய கட்டாயப் புகைச் சோதனையை வாஷிங்டன் மாநிலம் 2020 தொடக்கத்தோடு நிறுத்திவிட்டது. திடீர் முடிவும் இல்லை, 2005-லேயே சட்டம் போட்டாயிற்று. கலிபோர்னியாவின் கடுமையான வண்டிப் புகை விதிகளை 2009 மாடலிலிருந்து ஏற்றுக்கொண்டதால் புது வண்டிகள் சுத்தமாகவே ஓடும் என்பது கணக்கு.

கணக்கு பெரும்பாலும் சரிதான். சோதனை இருந்த காலத்தில் 15 டாலர் கட்டணம், ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒயரைச் செருகி வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் சில நிமிட வேலை. அந்த அலைச்சலெல்லாம் கடைசியில் பழைய கார்க்காரர்கள் தலையில்தான் விழுந்தது.

ஆனால் இன்ஜினில் கோளாறு என்று சொல்லும் செக் இன்ஜின் விளக்கு மாதக்கணக்கில் எரிய எரிய ஓடும் வண்டியை இப்போது யார் கேட்பது? புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் திருடுபோனதும் புதிது போடாமல் வெறும் குழாயைப் பற்றவைத்து ஓட்டினால், பதிவின்போது அது தெரியவே தெரியாது. நெடுஞ்சாலையை ஒட்டிய வாடகை வீடுகளில் வளரும் பிள்ளைகள்தான் அந்தப் புகையைச் சுவாசிக்கிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை.

எல்லோருக்கும் சோதனை வேண்டாம், சரி. பழைய வண்டியைப் பழுதுபார்க்கக் காசில்லாதவர்களுக்காவது மாநிலம் பணம் ஒதுக்க வேண்டும்.