எச்ஏபிராக்ஸிக்கு எச்டிடிபிஎஸ் ஹெல்த் செக் போட்டு முடிப்பதற்குள்

வரும் கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் லோடு பேலன்சர் எச்ஏபிராக்ஸி. அதன் ஸ்டாட்ஸ் பக்கத்தில் எல்லா சர்வரும் பச்சையாக, அதாவது நலமாக, இருக்கின்றன. வாடிக்கையாளர் பக்கமோ 502 பிழை (பின்னாலிருந்து சரியான பதில் வரவில்லை) காட்டுகிறது. எங்கள் அலுவலகத்தில் இது ஒரு முறை அல்ல, திரும்பத் திரும்ப நடந்தது. கடைசியில் லோடு பேலன்சரின் ஹெல்த் செக் (சர்வர் நலமா என்று அடிக்கடி கேட்டுப் பார்ப்பது) மொத்தத்தையும் மாற்றி, அதை ஆன்சிபிள் என்ற தானியங்கிக் கருவி வழியாகத் தானாக ஓடும்படி செய்யும் வேலை என்னிடம் வந்தது. எச்ஏபிராக்ஸியும் ஆன்சிபிளும் ஓரளவு தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிறுவுவது, இன்வென்டரி எழுதுவது எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில், பச்சை ஏன் பொய் சொன்னது? முன்பு இருந்த ஒப்பந்தக்காரர்கள் ‘ஆப்ஷன் எச்டிடிபிசெக்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். வேறு எதுவும் சொல்லாவிட்டால் அது முகப்புப் பாதைக்கு ‘ஆப்ஷன்ஸ்’ கோரிக்கை ஒன்றை அனுப்பும். 2-இல் அல்லது 3-இல் தொடங்கும் எந்த ஸ்டேட்டஸ் எண் வந்தாலும் சர்வர் நலம் என்று எடுத்துக்கொள்ளும். எங்கள் சர்வர்களில் முன்னால் நிற்பது என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர். முகப்புக்கு வரும் எதையும் அதுவே 302 கொடுத்து லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடும். பின்னால் உள்ள அப்ளிகேஷன் செத்துக் கிடந்தாலும் அந்த 302 வரும். வாசல் விளக்கு எரிகிறது, அதனால் வீட்டில் ஆள் இருக்கிறது என்று முடிவுகட்டுவது போலத்தான். போதாக்குறைக்கு எல்லா சர்வர் வரியிலும் ‘வெரிஃபை நன்’. சர்வரின் அடையாளத்தைக் காட்டும் டிஎல்எஸ் சான்றிதழ் காலாவதியானாலும், வேறு யாருடையதாக இருந்தாலும் கேள்வி இல்லை.

ஆகவே எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: ஹெல்த் பாதைக்கு ‘கெட்’ கோரிக்கை போக வேண்டும், 200 என்ற பதிலை மட்டுமே நலம் என்று ஏற்க வேண்டும், சான்றிதழை உண்மையாகவே சரிபார்க்க வேண்டும். 2.2 பதிப்பிலிருந்து ‘எச்டிடிபி-செக் சென்ட்’ வந்துவிட்டதால் ஹோஸ்ட் ஹெடரைச் சேர்ப்பது எளிது. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் முதலில் பதிப்பை ஏற்றிவிடுங்கள், இதற்காகவே அது தகும்.

சோதனைச் சூழலில் புதிய கான்ஃபிக் போட்டதும் எல்லா சர்வரும் சிவப்பு. ஸ்டாட்ஸ் பக்கத்தில் ‘எல்6ஆர்எஸ்பி’. இந்தக் குறியீடுகளைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள், பாதி நேரம் மிச்சமாகும். எல்4 என்றால் இணைப்பே கிடைக்கவில்லை, ஃபயர்வாலைப் பாருங்கள். எல்6 என்றால் டிஎல்எஸ் கைகுலுக்கலில், அதாவது பாதுகாப்பான இணைப்பைத் தொடங்குவதில், சிக்கல். எல்7 என்றால் அங்கே வரை போய்விட்டோம், பதில்தான் சரியில்லை.

இந்த எல்6-க்குக் காரணம் எஸ்என்ஐ, அதாவது எந்தப் பெயருள்ள தளம் வேண்டும் என்று கைகுலுக்கலிலேயே சொல்வது. எங்கள் என்ஜின்எக்ஸில் பெயர் சொல்லாமல் வரும் கைகுலுக்கலை மறுக்கும்படி அமைத்திருந்தார்கள். நல்ல பாதுகாப்பு அமைப்புதான். சர்வர் வரியில் ‘எஸ்என்ஐ’ எழுதியிருந்ததால் வாடிக்கையாளர் போக்குவரத்து சரியாகப் போனது. ஆனால் நாங்கள் பயன்படுத்தும் 2.8 பதிப்பில் அந்த ‘எஸ்என்ஐ’ ஹெல்த் செக்குக்குப் பொருந்தாது. அதற்குத் தனியாக ‘செக்-எஸ்என்ஐ’ எழுத வேண்டும். இன்னொன்று: செக்குக்குத் தனி போர்ட் கொடுத்தால் டிஎல்எஸ்ஸும் தானாக வராது, ‘செக்-எஸ்எஸ்எல்’ என்றும் சேர்க்க வேண்டும்.

அப்புறம்தான் உண்மையான அலைச்சல் தொடங்கியது. ‘வெரிஃபை ரிக்வயர்ட்’ போட்டால் எங்கள் நிறுவனத்துக்குள் சான்றிதழ் வழங்கும் உள் சான்றிதழ் ஆணையத்தின் ரூட் (மற்றவற்றுக்கு அடிப்படையான) சான்றிதழ் வேண்டும். அது பாதுகாப்புப் பிரிவிடம் இருக்கிறது. டிக்கெட் போட்டேன். மின்னஞ்சலில் அனுப்பினார்கள், எங்கள் மெயில் வடிகட்டி இணைப்பை உரித்துவிட்டுக் கடிதத்தை மட்டும் கொடுத்தது. நேரில் வாருங்கள் என்றார்கள். அவர்கள் இருப்பது ஊரின் மறுகோடியில் வேறு கட்டடம். போனால், “சார், படிவத்துல உங்க பிரிவுத் தலைவர் கையெழுத்து இல்லையே” என்று திருப்பி அனுப்பினார்கள். ரூட் சான்றிதழ் என்பது எல்லா மடிக்கணினியிலும் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும் பொதுப் பொருள். ரகசியமாக வைக்க வேண்டியது தனிச்சாவி, சான்றிதழ் அல்ல. அதை அந்த மேசையில் எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. கையெழுத்தோடு மறுபடி போய் வாங்கிய கோப்பு டிஇஆர் வடிவத்தில் இருந்தது. எச்ஏபிராக்ஸிக்கு பிஇஎம் வேண்டும். மாற்றுவதற்கு ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஒரு வரிதான். ஆனாலும் டிக்கெட் போடும்போதே “பிஇஎம் வடிவில், தனிச்சாவி தேவையில்லை” என்று எழுதிவிடுங்கள்.

ரூட் வந்ததும் பாதி சர்வர்கள் பச்சையாயின. மீதி சிவப்பாகவே நின்றன. அவற்றில், சர்வரின் சான்றிதழை ரூட்டோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழை நிறுவாமல் விட்டிருந்தார்கள். அப்ளிகேஷன் குழுவிடம் சொன்னேன். “பிரவுசரில் திறக்கிறது, உங்கள் லோடு பேலன்சரைப் பாருங்கள்” என்று டிக்கெட்டை மூடிவிட்டார்கள். திறந்தேன், மறுபடியும் மூடினார்கள். பிரவுசரில் திறப்பது உண்மைதான். பல பிரவுசர்கள் விடுபட்ட இடைநிலைச் சான்றிதழைத் தாமே தேடி எடுத்துக்கொள்ளும், அல்லது முன்பே சேமித்து வைத்திருக்கும். எச்ஏபிராக்ஸி அப்படித் தேடாது. வேலை செய்யும் சர்வருக்கும் செய்யாத சர்வருக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ‘எஸ்_கிளையன்ட்’ காட்டிய சான்றிதழ்ச் சங்கிலியை அருகருகே ஒட்டி அனுப்பிய பிறகு, அன்று மாலையே சரிசெய்துவிட்டார்கள். பிரவுசர் வாதம் வந்தால் வார்த்தையால் பதில் சொல்லாதீர்கள், இந்த இரண்டு வெளியீட்டையும் அனுப்புங்கள்.

எல்லாம் பச்சையான பிறகும் எனக்குத் திருப்தி இல்லை. சோதனைச் சூழலில் ஒரு சர்வரில் வேண்டுமென்றே வேறொரு சேவையின் சான்றிதழை வைத்துப் பார்த்தேன். அந்தச் சர்வர் இருக்கும் சேவையில் செக்குக்குத் தனி போர்ட். அங்கே என்ஜின்எக்ஸ் பெயர் கேட்பதில்லை என்பதால் ‘செக்-எஸ்என்ஐ’ இல்லாமலே ஓடிக்கொண்டிருந்தது. தவறான சான்றிதழோடும் பச்சை! காரணம் கையேட்டிலேயே இருக்கிறது: ஒப்பிட ஒரு பெயரைக் கொடுக்காவிட்டால் சான்றிதழில் உள்ள பெயர்களை எச்ஏபிராக்ஸி கண்டுகொள்ளாது. அதே ஆணையம் கையெழுத்திட்ட எந்தச் சான்றிதழும் தேர்ச்சி பெற்றுவிடும். எஸ்என்ஐ பெயரோ ‘வெரிஃபைஹோஸ்ட்’டோ கட்டாயம் இருக்க வேண்டும். இப்போது எங்கள் கான்ஃபிக் டெம்ப்ளேட்டில் ஒரு சேவைக்குப் பெயர் இல்லையென்றால் பிளேபுக் (ஆன்சிபிள் ஓட்டும் வேலைப் பட்டியல்) அங்கேயே நின்றுவிடும்.

இனி தானியங்கிப் பக்கம். ஆன்சிபிளின் டெம்ப்ளேட் மாட்யூலில் ‘வேலிடேட்’ என்று ஒன்று உண்டு. கோப்பை இடத்தில் வைக்கும் முன்பே எச்ஏபிராக்ஸியை விட்டுச் சரிபார்க்கச் சொல்லலாம். கட்டாயம் போடுங்கள். ஆனால் அது பார்ப்பது இலக்கணத்தை மட்டும்தான். ஹெல்த் பாதையில் ஒரு எழுத்து தப்பாக இருந்தாலும் அதற்குத் தெரியாது. இதில் ஆபத்து என்னவென்றால், ரீலோட் ஆனதும் எச்ஏபிராக்ஸி சர்வர்களை ‘அப்’ என்று எடுத்துக்கொண்டாலும், முதல் செக் தோற்றதுமே கீழே தள்ளிவிடும். வழக்கமான மூன்று தோல்வி வரை காத்திருக்காது. ஆகவே எல்லா சர்வருக்கும் தவறான பாதை போனால் சில நொடிகளில் மொத்தச் சேவையும் 503, அதாவது கோரிக்கையை அனுப்ப ஒரு சர்வரும் இல்லை. சோதனைச் சூழலில் இதைக் கண்ணால் பார்த்தேன், நேரடிச் சூழலில் பார்க்க யாருக்கும் வேண்டாம்.

அதனால் கான்ஃபிக்கைத் தொடும் முன்பே லோடு பேலன்சர் பெட்டியிலிருந்தே ஒவ்வொரு சர்வருக்கும் கர்ல் என்ற கருவியால் ஒரு சோதனைக் கோரிக்கை அனுப்புகிறோம். அதே பெயர், அதே ரூட் கோப்பு, அதே பாதை. ‘ரிசால்வ்’ ஆப்ஷனில் சர்வரின் ஐபியைக் கொடுத்தால் டிஎன்எஸ் குறுக்கே வராது. ஒவ்வொரு சேவையிலும் குறைந்தது ஒரு சர்வராவது தேறினால்தான் அடுத்த படி. எல்லா சர்வரும் தேற வேண்டும் என்று வைத்தால், பராமரிப்புக்காக ஒன்றை நிறுத்தியிருக்கும் நாளில் எதையும் ஏற்ற முடியாது. லோடு பேலன்சர் பெட்டிகள் இரண்டு என்பதால் ‘சீரியல்’ 1, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக. முதல் பெட்டி தேறாமல் இரண்டாவதைத் தொடாது.

இன்னொரு பொறி பழைய பிளேபுக்கில் ஒளிந்திருந்தது. கோப்பு மாறினால் ரீலோட் செய்யும் ஹேண்ட்லர் பிளேயின் கடைசியில்தான் ஓடும். நடுவில் வேறொரு டாஸ்க் தோற்றால் அது ஓடவே ஓடாது. அடுத்த முறை ஓட்டும்போது கோப்பு ஏற்கெனவே மாறிவிட்டதால் “மாற்றம் இல்லை” என்று சொல்லி ரீலோட்டைத் தவிர்த்துவிடும். வட்டில் புதிய கான்ஃபிக், ஓடிக்கொண்டிருப்பது பழையது. என்றோ ஒருநாள் யாராவது ரீஸ்டார்ட் செய்யும்போது சம்பந்தமே இல்லாமல் வெடிக்கும். டெம்ப்ளேட் டாஸ்க்குக்கு அடுத்த வரியிலேயே ‘ஃபிளஷ் ஹேண்ட்லர்ஸ்’ போடுங்கள். அதோடு, கான்ஃபிக் கோப்பின் நேரத்தையும் எச்ஏபிராக்ஸி எப்போது தொடங்கியது என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கும் சின்ன டாஸ்க் ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். சாக்கெட்டில் ‘ஷோ இன்ஃபோ’ கேட்டால் எத்தனை நொடியாக ஓடுகிறது என்று வரும்.

ஹெல்த் பாதை எதைப் பார்க்க வேண்டும் என்பதிலும் அப்ளிகேஷன் குழுவோடு நீண்ட வாக்குவாதம். டேட்டாபேஸையும் சேர்த்துப் பார்க்கலாம் என்றார்கள். நான் மறுத்தேன், இன்றும் மறுக்கிறேன். டேட்டாபேஸ் எல்லா சர்வருக்கும் பொது. அது மந்தமானால் எல்லா சர்வரும் ஒரே நேரத்தில் சிவப்பாகி, ஓரளவு ஓடக்கூடிய சேவையும் முழுக்கப் படுத்துவிடும். லோடு பேலன்சர் கேட்க வேண்டியது “இந்த ஒரு சர்வருக்கு ஆளை அனுப்பலாமா?” என்பது மட்டும்தான். டேட்டாபேஸுக்குத் தனி அலர்ட் வைத்துக்கொள்ளலாம். கடைசியில் அப்படித்தான் முடிவானது.

நேரத்தையும் கவனியுங்கள். ‘டைம்அவுட் செக்’ கொடுக்காவிட்டால், ‘இன்டர்’ (இரண்டு செக்குக்கு இடையிலான நேரம்) மதிப்புக்குள், அதாவது இயல்பாக 2 நொடிக்குள், இணைப்பு, கைகுலுக்கல், பதில் மூன்றும் முடிந்தாக வேண்டும். நெரிசல் நேரத்தில் நல்ல சர்வர்களே ஏறி இறங்கும். எங்களுக்கு ‘இன்டர்’ 5 நொடி, ‘ஃபால்’ (எத்தனை தோல்விக்குப் பின் கீழே தள்ளுவது) 3 சரியாக இருக்கிறது.

இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு, வருடத்துக்கு ஒருமுறை மாற்றும் சான்றிதழுக்கா என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 398 நாளாக இருந்தது. பிரவுசர் நிறுவனங்களும் சான்றிதழ் ஆணையங்களும் 2025-இல் எடுத்த முடிவின்படி அது 2026 மார்ச் 15 முதல் 200, 2027-இல் 100, 2029-இல் 47 நாளாகக் குறைகிறது. உள் சான்றிதழ்களை இது கட்டுப்படுத்தாது. ஆனால் எங்கள் சேவைகளில் சில பொதுச் சான்றிதழில் ஓடுகின்றன. கையால் மாற்றி, கையால் சரிபார்க்க இனி ஆளில்லை.

நேரடிச் சூழலுக்குப் போகும் முன் ஒவ்வொரு சேவையையும் வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள். அப்ளிகேஷனை நிறுத்துங்கள், எல்7எஸ்டிஎஸ் (தவறான ஸ்டேட்டஸ் எண்) வர வேண்டும். தவறான பெயருள்ள சான்றிதழையும் காலாவதியானதையும் வையுங்கள், இரண்டுக்கும் எல்6ஆர்எஸ்பி. ‘லாக்-ஹெல்த்-செக்ஸ்’ போட்டிருந்தால் ஒவ்வொரு நிலை மாற்றமும் லாகில் விழும். போன மாதம் ஒரு சர்வரில் காலாவதியான சான்றிதழோடு யாரோ பழைய இமேஜை ஏற்றிவிட்டார்கள். லோடு பேலன்சர் அதை மட்டும் ஒதுக்கிவைத்தது, லாகில் காரணம் இருந்தது. வாடிக்கையாளர் யாரும் அழைக்கவில்லை.